நூல் கோக்காத மிஷின்

அக்கா வீட்டுக்கு இரண்டு முகம் உண்டு. ஒரு மாதம் அது வீடு, மறுமாதம் தொழிற்சாலை. வீடாக இருக்கிற மாதத்தில் கூடத்தில் சோபா, சோபாவுக்கு முன்னால் கண்ணாடி மேசை, மேசைமேல் பிளாஸ்டிக் பூ. தொழிற்சாலையாகிற மாதத்தில் சோபா சுவரோடு நிமிர்ந்து நின்று துணிக்கட்டுகளுக்கு முட்டுக்கொடுக்கும். பூ எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது அதில் நூல்பிசிர் ஒட்டியிருக்கும், நான்தான் ஊதித் துடைத்து வைப்பேன்.

அக்கா என்றால் உறவில்லை, தையல் வேலை எடுத்து நடத்துகிறவள். நான் அங்கே காஜா எடுப்பவள். பட்டனுக்கு ஓட்டை போட்டு ஓரம் தைப்பது என் வேலை. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தவளை ரேடியோ என்று கூப்பிடுவோம். நிஜ ரேடியோவையாவது அணைத்து வைக்கலாம். துணி வெட்டுகிறவளுக்கு மாஸ்டர் என்று பெயர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம், அதில் இரண்டு "சாக்பீஸ் எங்க" என்பதாக இருக்கும்.

அக்காவின் கணவரைத் தெருவில் கடல்காரர் என்பார்கள். ஹெலிகாப்டரில் போகிற தூரத்தில், கடல் நடுவே இரும்புக்கால் ஊன்றி நிற்கிற மேடையில் அவருக்கு வேலை. கடலுக்கு அடியிலிருக்கும் கிணறுகளிலிருந்து வருகிற காஸிலிருந்து தண்ணீரைப் பிரித்து, அழுத்தம் ஏற்றி, குழாய் வழியாகக் கரைக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. அவர் அங்கே இருந்தால் நாங்கள் இங்கே. அவர் வருவதற்கு முந்தின நாள் மிஷின்களைத் தூக்கிப் பின்கட்டு அறையில் அடுக்கிப் போர்வை போட்டு மூடிவிட்டு, பீஸ்களை மூட்டை கட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம். கைவேலை மட்டும் நடக்கும். இத்தனை வருடத்தில் அவரை நாங்களும், எங்களை அவரும் பார்த்ததே இல்லை. "சூரியனும் சந்திரனும் மாதிரி" என்று மாஸ்டர் ஒருமுறை சொன்னாள். அன்றைக்கு அதற்குமேல் அவள் பேசவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு வாக்கியம். கல்யாணமான புதிதில் கடலிலிருந்து முதல்முறை வீட்டுக்கு வந்தவர், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "காதுக்குக் கொஞ்சம் அமைதி வேணும்மா" என்றாராம். அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவர் இருக்கிற மாதம் முழுக்க அந்த வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். மிக்சி ஓடாது. பாத்திரம் உரசாது. வெளியூரில் படிக்கிற மகள்கூட விடுமுறைக்கு வந்தால் பூனை மாதிரிதான் நடப்பாள். "நாள் பூரா மிஷின் சத்தத்துல நிக்கற மனுஷன், வீட்லயும் சத்தம்னா எங்க போவாரு?" என்பாள் அக்கா. அவள் கொஞ்சம் தைக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது. ஒளிக்க வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. அவர் இருக்கும்போது மிஷின் ஓடவில்லை, ஓடாததைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

நாங்கள் தைத்தது பெரும்பாலும் பாய்லர் சூட். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக வருகிற ஆரஞ்சு நிற உடுப்பு. காண்டிராக்டர் ஒருவர் மொத்தமாக வாங்கிக் கம்பெனிகளுக்குக் கொடுப்பார். எந்தக் கம்பெனி என்று எங்களுக்குத் தெரியாமல்தான் இருந்தது, கடல்காரர் ஒரு தடவை வீட்டுக்கு வந்து புலம்புகிற வரைக்கும். "கை மேல பேனா வைக்கற பாக்கெட்டு இருக்கே, எந்தப் பாவி தைச்சானோ, ரெண்டே தோய்ச்சல்ல கிழிஞ்சு தொங்குது" என்றாராம். கேட்டுக்கொண்டே அக்கா அவருக்குச் சோறு போட்டாளாம். அடுத்த ஆர்டரில் அந்தப் பாக்கெட்டுக்கு எல்லோரும் இரட்டைத் தையல் போட்டோம். அதற்கடுத்த முறை வந்தவர், "அந்தப் பாவிக்குப் புத்தி வந்துடுச்சு" என்றாராம். அதை அக்கா வந்து சொன்னபோது ரேடியோ சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

அப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் போன் வரும்வரை.

கடலிலிருந்து போன் வந்தால் மிஷின்களை நிறுத்திவிடுவோம். அக்கா கையில் வேலை இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, சாப்ட்டியா?"

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சு, ஆச்சு. இங்க கிணறெல்லாம் சோந்து போச்சும்மா. முன்ன மாதிரி அழுத்தம் இல்ல. பாதி ஆளைக் கரைக்கு அனுப்பறாங்க."

அக்காவின் கை நின்றுவிட்டது. "உங்களையுமா? அப்ப வேலை?"

"வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்ல. பழைய சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் நிலத்துல காஸ் எடுக்கறாங்கல்ல, அங்க போட்டிருக்காங்க. அது நிலக்கரிக்குள்ள இருக்கற காஸு. கடல்ல கிணத்தைத் திறந்தா அதுவே சீறிக்கிட்டு வரும். இது கரியோட ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். பூமிக்குள்ள இருக்கற தண்ணிய இறைச்சு இறைச்சு வெளிய எடுக்கணும். மாசக்கணக்கா வெறும் தண்ணிதான் வரும். அழுத்தம் குறையக் குறைய, அப்புறம் மெதுவா..."

"என்னங்க, நீங்க சொல்றதும் அப்படித்தான் இருக்கு. இன்னும் தண்ணிதான் வருது. காஸ் எப்ப வரும்?"

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது. சிரிப்புக்குப் பின்னால் ஏதோ பெரிய இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது.

"இனிமே தெனமும் வீட்டுக்கு வந்துடுவேன். போதுமா?"

"போதுங்க" என்றாள் அக்கா. "ரொம்ப சந்தோஷம்."

பொய் இல்லை. கண் கலங்கித்தான் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து பாதி வாழ்க்கையைக் கடலுக்குக் கொடுத்தவள். ஆனால் போனை வைத்துவிட்டுத் திரும்பியவள் கூடத்தைப் பார்த்தாள். வெட்டுகிற மேசை, வரிசையாக மிஷின்கள், கொக்கியில் தொங்குகிற சூட்டுகள், நாங்கள். தினமும் அவர் வீட்டில் என்றால் தினமும் அமைதி. தினமும் அமைதி என்றால் இதெல்லாம் எங்கே போவது? அவர் வேலைக்குப் போகிற நேரத்துக்கு மட்டும் தினமும் இத்தனை மிஷினையும் எடுத்துப் போட்டு மறுபடி அடுக்க முடியுமா?

"வேற எடம் பாக்கலாமேக்கா" என்றேன்.

"வாடகை குடுத்துட்டு நமக்கு என்ன மிஞ்சும்? நூல் தீர்ந்த பாபின்தான் மிஞ்சும்."

"அப்ப சொல்லிடு" என்றாள் ரேடியோ. "இந்த மாதிரி, இத்தனை பேரு, இத்தனை மிஷினுன்னு சொல்லிடு. அவரு என்ன கடிச்சா தின்னுடுவாரு?"

"அவரு திட்டினாக்கூடப் பரவால்லடி, நானும் ரெண்டு வார்த்தை திருப்பிச் சொல்லிடுவேன். திட்ட மாட்டாரு. 'சரிம்மா, ஓட்டிக்கோ'ன்னுட்டு மொட்டை மாடிக்குப் போயி உக்காந்துக்குவாரு. இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் புடுங்கிக்கவா?"

மாஸ்டர் கத்தரியை மேசைமேல் வைத்தாள். வைத்த விதத்திலேயே அவள் வருத்தம் தெரிந்தது. அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் நான் என் வீட்டுக் கஷ்டங்களைப் பேசித் தீர்த்திருக்கிறேன். கையில் இருக்கிற பெரிய ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வது என்று அக்கா முடிவு செய்தாள். அவர் வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

ஆனால் வானம் வேறு கணக்குப் போட்டிருந்தது. மறுவாரமே காற்று பிடித்துக்கொண்டது. ஜன்னலைத் திறந்தால் வெட்டிய பீஸ்கள் பறந்தன, மூடினால் புழுங்கியது. நாங்கள் வேலை மும்முரத்தில் செய்தி எதையும் கவனிக்கவில்லை. கடலில் அலை ஏறப்போகிறது என்று மேடையிலிருந்தவர்களில் பலரை முன்கூட்டியே இறக்கிவிட்டார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

முற்பகலில் கதவு தட்டப்பட்டது. ரேடியோதான் எழுந்து போனாள். வெளியே தோளில் பையோடு, பாதி நனைந்து ஒருவர் நின்றார்.

"அளவு குடுக்கணுமா சார்? இங்க தனித்தனியாத் தைக்கறதில்ல, மொத்த ஆர்டர்தான்."

அவர் ஓரடி பின்னால் போய்க் கதவு எண்ணைப் பார்த்தார். "இல்லம்மா, இது..."

"யாரைப் பாக்கணும்?"

"வீட்டுக்காரர் வந்திருக்கார்னு உள்ள சொல்லுங்க."

"எந்த வீட்டுக்காரரு? இது அவங்க சொந்த வீடாச்சே. வாடகை கேட்டு வந்திருந்தீங்கன்னா வேற வீடு போல."

"வாடகைக்கு இல்லம்மா. அவங்களுக்குத்தான் நான் வீட்டுக்காரரு."

ரேடியோ நின்றுபோனதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அக்கா வாய் நிறையக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பேசவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு ஊசியாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுப் பொட்டலத்தில் குத்தினாள். அவ்வளவு நிதானமாக அவள் ஊசி குத்தி நான் பார்த்ததில்லை. யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டாள்.

"என்னங்க, போன்கூடப் பண்ணாம?"

"சார்ஜ் போயிடுச்சு. கடல் சரியில்ல. முக்கியமில்லாத ஆளையெல்லாம் எறக்கி விட்டுட்டாங்க."

"நீங்க முக்கியமில்லாத ஆளா?"

"அங்க அப்படித்தான் போல. இங்க எப்படின்னு தெரியல" என்று சோபாவைத் தேடினார். அது நட்டுக்குத்தலாக நின்றது.

பிறகு அவர் கண் கொக்கியில் தொங்கிய ஆரஞ்சு வரிசையில் போய் நின்றது. கிட்டே போனார். ஒரு சூட்டின் கையைப் பிடித்துப் பேனாப் பாக்கெட்டை விரலால் தடவினார். இரட்டைத் தையல்.

"அந்தப் பாவி நீதானா?"

"ஆமாங்க" என்றாள் அக்கா. "இந்த ஒரு ஆர்டர்தாங்க. முடிச்சுட்டா எல்லாத்தையும் எடுத்துடறேன். இன்னைக்கே வேணும்னாலும்..."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையசைத்தார். "நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்கம்மா. நான் உள்ள கொஞ்சம் சாயறேன்" என்று சொல்லிவிட்டு நூல்கண்டுகளைத் தாண்டித் தாண்டி உள்ளறைக்குப் போனார். கதவைக்கூடச் சாத்தவில்லை.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோபமா, இல்லையா? ஒன்றும் பிடிபடவில்லை.

"ஓட்டலாம்" என்றாள் மாஸ்டர்.

ஓட்டினோம். ஆர்டர் தலைக்குமேல் இருந்தது. முதலில் பயந்து பயந்து, பிறகு வழக்கம்போல. ஓவர்லாக்கின் கிறீச்சலும் மற்ற மிஷின்களின் கடகடப்பும் சேர்ந்தால் அந்தக் கூடத்தில் பக்கத்தில் இருப்பவளிடம் கத்தித்தான் பேச வேண்டும். ரேடியோ தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்துபோய் உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணை விரித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, தூங்கறாரு! வாயைப் பொளந்துக்கிட்டு, கொறட்டை விட்டுட்டு!"

"போடி. அவரா? பகல்ல கண்ணே மூட மாட்டாரு. ராத்திரிகூட முக்காவாசி நேரம் முழிச்சுட்டுத்தான் கெடப்பாரு. கேட்டா வயசாயிடுச்சும்பாரு, இருபத்தஞ்சு வயசுலருந்து."

அக்காவும் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் இளகியிருந்தது. "பாவம், எத்தனை நாள் அசதியோ" என்றாள். "எல்லாரும் நிறுத்துங்கடி. சாப்பாட்டு நேரம்தானே, சத்தமில்லாம சாப்பிடுவோம். நல்லாத் தூங்கட்டும்."

எல்லா மிஷினையும் ஒன்றாக நிறுத்தினோம். நான் என் டப்பா மூடியை ஓசைப்படாமல் திருகிக்கொண்டிருந்தேன். முழுசாகத் திறக்கவில்லை.

உள்ளேயிருந்து கட்டில் அதிர்கிற சத்தம். அடுத்த கணம் கடல்காரர் பனியனோடு கூடத்தில் நின்றார். கண் திறந்திருந்தது, ஆனால் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"எல்லாரும் வெளிய! எதையும் எடுக்காதீங்க! ஓடாதீங்க, நடங்க! கம்பியப் புடிச்சுட்டு நடங்க!"

எந்தக் கம்பியை? எங்களைக் கோழி விரட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் விரட்டினார். நான் டப்பாவோடு, மாஸ்டர் கத்தரியோடு, ரேடியோ வாயில் முட்டையோடு, எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டோம். மழை தூறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவர் எங்களை வரிசையாக நிறுத்தி விரல் நீட்டி எண்ணினார்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"உங்க சட்டைதாங்க இருக்கு" என்றாள் அக்கா.

தூறல் முகத்தில் பட்டதும்தான் அவருக்குத் தெளிந்தது. குனிந்து தன் பனியனைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

"சத்தம் நின்னுடுச்சு" என்றார். "அங்க நான் படுக்கற எடத்துக்குக் கீழதான் கம்ப்ரசர். ராவும் பகலும் ஓடும். அது ஓடற வரைக்கும் எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். நின்னா, ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். காஸ் கசிவு, தீ, என்ன வேணா இருக்கலாம். தூக்கத்துலயே எந்திரிச்சு ஓடுவோம். அந்தப் பழக்கம்."

"அப்ப வீட்ல?"

"வீட்ல என்ன?"

"வீட்ல சத்தமே இருக்காதே. எப்படித் தூங்குவீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "தூங்கறதில்ல. கண்ணு அசந்தாப் போதும், ஐயோ நின்னுடுச்சேன்னு முழிப்பு வந்துடும். லீவு முடிஞ்சு அங்க போனாத்தான் தூக்கம்."

"நீங்கதானே காதுக்கு அமைதி வேணும்னீங்க?"

"நானா? எப்ப?"

"கல்யாணமாயி மொதல்ல வந்தப்ப. சாப்பிட்டுக் கை கழுவிட்டு நின்னுக்கிட்டுச் சொன்னீங்க. எனக்கு அந்தத் துண்டுகூட ஞாபகம் இருக்கு."

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே போனார். பிறகு முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"அது... அன்னைக்கு உங்கண்ணன் வந்திருந்தாருல்ல?"

"ஆமா."

"காலையிலேருந்து பேசிட்டே இருந்தாரு. நிறுத்தவே இல்ல. அவரு எப்பக் கெளம்புவாருன்னு உங்கிட்ட நேராக் கேக்க முடியுமா? அதான் அப்படிச் சொன்னேன்."

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டர்தான் முதலில் சிரித்தாள். அவளுக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ரேடியோ என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, அதுவும் நியாயமான கோபம்.

"எத்தனை தடவ எல்லாத்தையும் சுருட்டி மடிச்சு வச்சிருப்பேன்! எத்தனை தடவ அந்த மிஷினைத் தூக்கி முதுகு புடிச்சுக் கெடந்திருப்பேன்! ஒரு மிக்சி போட்டதுண்டா நான்? ஒரு பாட்டுப் போட்டுக் கேட்டதுண்டா? தூக்கம் வரலைன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"நீ பாத்துப் பாத்துச் சத்தமில்லாம நடந்துக்கிட்டிருந்த. கதவைக்கூடத் துணி சுத்தில்ல சாத்துவ? அதைப் போயி எப்படிம்மா வேணாங்கறது?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது மழையையா வேறெதையாவதா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கண்ணன் மட்டும் இப்ப எதிர்ல வரட்டும்" என்றாள்.

"வந்தா உக்காந்து பேசச் சொல்லு. நான் தூங்கிக்கறேன்."

உள்ளே வந்ததும் அவர் முதலில் செய்த காரியம், ஓவர்லாக்கின் சுவிட்சைப் போட்டதுதான்.

அதன்பிறகு அந்தக் கூடத்தில் சோபா கீழே இறங்கவே இல்லை. கண்ணாடி மேசையை மாஸ்டர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். நிலத்துக் கிணறுகளுக்குப் போனவர், யாரும் விரும்பாத இரவு ஷிப்டைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் பூட்ஸெல்லாம் சேறாக வருவார், குளித்துச் சாப்பிட்டுவிட்டு, நாங்கள் வந்து மிஷின் போடுவதற்காகக் காத்திருந்து படுப்பார். என்றைக்காவது நாங்கள் வரத் தாமதமானால், "என்ன, இன்னைக்குக் கம்பெனி லீவா?" என்று கொட்டாவியோடு வாசலில் நிற்பார். ரேடியோவை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவள் குரல் கம்ப்ரசருக்குச் சமம் என்பார். அவளும் விடமாட்டாள்.

"என்ன சார், காஸ் வந்துச்சா?"

"தண்ணிதாம்மா வருது."

"இத்தனை மாசமாவா? கம்பெனி பேரையே தண்ணிப் பந்தல்னு மாத்திடுங்க."

கடலில் காஸ் அனுப்பியவன் கரையில் தண்ணீர் இறைக்கிறேனே என்று ஆரம்பத்தில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் தூக்கம் மனிதனை என்னவெல்லாம் செய்துவிடுகிறது! கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் போய்விட்டது. கன்னத்தில் சதை வைத்தது. தெருக்காரர்கள் அவரைக் கடல்காரர் என்று கூப்பிடுவதை விடவில்லை, அவரும் திருத்தவில்லை.

ஒருநாள் காலை வரும்போதே முகம் பளபளவென்று இருந்தது. ரேடியோ கேட்பதற்கு முன்னாலேயே, "வந்துடுச்சு!" என்றார். மூன்றாவது கிணற்றில் விடியற்காலை தண்ணீர் குறைந்து, அழுத்தமானியின் முள் அசைந்ததாம். ராத்திரி முழுக்க உட்காரவே இல்லையாம். அந்த முள் அசைந்ததை விரலால் அசைத்து அசைத்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார். அக்காவுக்கு இரண்டு தடவை காட்டினார். பிறகு போய் விழுந்தவர்தான், அசையவே இல்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டோம். தெருமுனை வரை போனபிறகுதான் சாப்பாட்டு டப்பாவை மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தேன். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம். ஆர்டர்தான் முடிந்துவிட்டதே, அக்கா தனியாக என்ன தைக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன்.

அக்கா மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பெடலில் கால். ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் துணி இல்லை. ஊசியில் நூலும் இல்லை. ஒரு கையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு மற்றக் கையைக் கன்னத்தில் கொடுத்து, உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, நூலே கோக்கல?"

"ராத்திரி பூரா நின்னிருக்காரு" என்றாள், காலை எடுக்காமலே. "இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்."

உள்ளே கட்டில் முனகியது. அவர் புரண்டு படுக்கிறார். கண்விழிக்கப் போகிறவர் புரள்கிற மாதிரி இருந்தது.

"ஒரு மிஷின் பத்தாதுக்கா" என்றேன். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்து, நூலை உருவிப் போட்டுவிட்டுப் பெடலை மிதித்தேன்.